எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள்

கீச்.

பேருந்து கடத்தூர் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது முன் இருக்கையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிசாக, கூராக, விடாமல் ஒரு கீச். யாரோ ஒரு பெரியவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் மாட்டியிருந்த மெஷின் கம்பியில் அழுந்திக் கத்தியது. பேருந்து முழுக்கக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. என் வலது கை தானாக எழுந்து பக்கத்து இருக்கையில் ஒரு காதைத் தேடியது. அங்கே ஒரு காய்கறிப் பைதான் இருந்தது. என் மனைவி அந்நேரம் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பாள். ஆனாலும் கை எழுந்தது, பழகிய கை. அவள் காது மெஷின் கத்தும்போதெல்லாம் அதை அழுத்திச் சரிசெய்கிற கை. அந்தக் கை இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வாள் என்ற பயத்தில் போன வருடம் பங்குனி வெயிலில் வங்கி வங்கியாக ஏறி இறங்கினேன். அதையெல்லாம் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு கீச் போதுமாக இருக்கிறது.

சேலத்தில் மருத்துவர் என் இதயத்தை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். வால்வு ஒன்று சரியாக மூடவில்லை, ரத்தம் வந்த வழியே திரும்புகிறது, மாற்றியாக வேண்டும் என்றார். "பண்ணிடலாம். பண்ணாம விடவும் முடியாது. ஆனா..." என்று நிறுத்திப் பேனாவை மூடினார். அந்த 'ஆனா' என்னோடு ரயிலேறியது. என்னோடு பொம்மிடியில் இறங்கியது. வீட்டு வாசலில் எனக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆபரேஷன் என்பது அவளுக்குத் தெரியும். 'ஆனா' தெரியாது. என் உதட்டில் வராத எதுவும் அவளுக்குத் தெரிய வழியில்லை.

அவள் என் அத்தை மகள். முப்பது வயதை ஒட்டி ஒரு காய்ச்சல் வந்து காதைக் கொண்டுபோனது. மெஷின் போட்டால் சத்தம் கேட்கும், பேச்சு கேட்காது. எதிரே உட்கார்ந்து, முகம் காட்டி, நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசியைப் பிடித்துவிடுவாள், மீதியை ஊகித்துக்கொள்வாள். போன் மட்டும் ஆகாது. போனில் மனிதக் குரல் அவளுக்குத் தகரத்தில் கொட்டிய சோளம். பால் கணக்கு, மாட்டு யாவாரம், சந்தையில் பேரம் எல்லாம் அவள் பாடு. வங்கி மட்டும் என் பாடு. வங்கி இப்போது போனுக்குள் இருக்கிறதல்லவா. குறுஞ்செய்தி, ஆறு எண், 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்.' எல்லாவற்றையும் நான் கேட்டு, நான் அழுத்தி, பிறகு அவளைப் பார்த்து உதட்டால் சொல்வேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாலையை அகலப்படுத்த எங்கள் மேட்டுக்காட்டை எடுத்துக்கொண்டு அரசாங்கம் கொடுத்த தொகை கடத்தூரில் சாதாரணக் கணக்கில் கிடந்தது. அண்ணன் மகன்கள் நல்லவர்கள்தான். சித்தியின் கையில் பேனாவைக் கொடுத்து, இங்க போடு சித்தி, அங்க போடு சித்தி என்று பொறுமையாகச் சொல்லித்தரக்கூடிய நல்லவர்கள். அதை நினைத்தால்தான் மூச்சு முட்டியது. பழுதான வால்வுகூட அவ்வளவு முட்டவில்லை.

ஆகவே எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வட்டி வேண்டாம், பளபள அட்டை வேண்டாம். நான் இல்லாத ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனால், எதிரே உட்கார்ந்து முகம் காட்டிப் பேச ஓர் ஆள். பணம் அதிகம் வைத்திருப்பவர்களுக்கான உயர்வகைக் கணக்கில் அப்படி ஓர் ஆளை ஒதுக்கித் தருகிறார்கள் என்று விளம்பரத்தில் பார்த்தேன். 'உங்களுக்கென்றே ஒருவர்.' மூழ்குகிறவன் கண்ணுக்குக் கோரைப்புல்கூடத் தெரியும். எனக்கு அந்த இரண்டு சொற்கள் தெரிந்தன.

முதலில் தர்மபுரியில், கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு தனியார் வங்கி. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். தனி அறை, சோபா, சந்தன வாசனை, சின்னக் கோப்பையில் காப்பி. கழுத்துப்பட்டை கட்டிய தம்பி ஒருவர் கனமான அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அது டங்கென்று விழுந்தது. விழட்டும் என்றே வைத்தார்.

"மெட்டல் கார்டு சார். இது இருந்தா ஏர்போர்ட்ல லவுஞ்ச் ஃப்ரீ."

அவள் அதை எடுத்துப் புரட்டினாள். "என்னா மாமா இது, தகடு? மந்திரிச்சதா?"

நான் விளக்கினேன். விமான நிலையத்தில் உட்கார இடம் தருவார்களாம் என்றேன்.

"நமக்கு பொம்மிடி டேசன்ல பெஞ்சு கெடக்குதே. அது போதும்னு சொல்லு."

தம்பி சிரித்தார், என்னைப் பார்த்து. அவர் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தேதான் சொன்னார். அவள் கேட்டதற்கும் எனக்கே பதில் வந்தது. இருபத்து நாலு மணி நேரமும் போன் பண்ணலாம் என்றார். அவளுக்குப் போன் கேட்காது என்றேன். "அப்ப வீடியோ கால் இருக்குங்க சார்" என்று அங்கேயே போட்டும் காட்டினார். திரையில் எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் முகம் வந்து வணக்கம் சொன்னது. என் மனைவி குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். முகம் நின்றது, நடுங்கியது, மறுபடி ஓடியது.

"வாயி ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது. இந்தப் பொண்ணு என்னா சொல்லுதுன்னு அதுக்கே தெரியாது மாமா."

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அவள் கேட்டாள், "இப்ப எதுக்கு இந்த பேங்க் சுத்தல்? கடத்தூர்லதான் இருக்குதே."

கடத்தூரில் இருந்தது. மறு வாரம் அங்கே போய் மேலாளரிடம் தனிப்பட்ட முறையில் சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். கூட்டம். கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர், நோய்க்காலத்தில் மாட்டிய பிளாஸ்டிக் தடுப்பு இன்னும் கழற்றாமல் இருந்தது. அதில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்து, உள்ளே இருப்பவரின் முகம் வெள்ளையாக அழிந்துபோயிருந்தது. ஒத்திகை பார்க்கிற மாதிரி, நான் தள்ளி நின்றுகொண்டு அவளை மட்டும் கவுன்ட்டருக்கு அனுப்பினேன். போ, நீயே கேள் என்றேன். உள்ளே இருந்தவர் என்னவோ கேட்டார். அவள் "ஆங்?" என்றாள். அவர் மறுபடி கேட்டார். "ஆங்?" அவர் கத்தினார். கத்தினால் வாய் கோணும், கோணிய வாயைப் படிக்க முடியாது. "ஆங்?" அவர் எழுந்து நின்று கத்தினார். "ஆ-தா-ர்-மா! ஆ-தா-ர்!" வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல, சிரிப்பு வந்துவிட்டது அவ்வளவுதான். நான் ஓடிப்போய், "கத்துனா கேக்காதுங்க, மெதுவா பேசுங்க" என்றேன். "மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே சார்" என்றார் அவர். நியாயம்தான். மொதல்லயே யார் போய்ச் சொல்வது, நாளைக்கு?

அன்று வீடு வரும்வரை அவள் பேசவில்லை. தீவனம் கரைத்தாள், சாணி அள்ளினாள், வாசல் கூட்டினாள். ஏற்கெனவே கூட்டிய வாசல். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் அந்த மூடாத கதவு தடக் தடக்கென்று அடித்துக்கொண்டது.

ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வெறி பிடித்தவன்போல் ஆனேன். பேருந்தில் போகும்போது பலகைகளைப் படித்தேன். அது என்ன வங்கி, இது என்ன வங்கி, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மீசை இருக்கிறதா? மீசை உதட்டை மறைக்கும், அவளுக்குப் படிக்க வராது. வெற்றிலை போடுகிறவரா? வாய் அசையாது. மனிதர்களின் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன். என்னைப் பார்த்தவர்கள் பல் டாக்டர் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படித் திரிந்ததில்தான் தர்மபுரியில் இன்னொரு வங்கியில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன். அதிகாரி, நல்ல உத்தியோகம், முப்பதுக்குள் வயது. பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நான் சொல்லி முடித்ததும் உயர்வகைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்காமல், "அக்காவக் கூட்டிட்டு வாங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் தன் நாற்காலியை இழுத்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, முழங்காலுக்கு முழங்கால் உட்கார்ந்தாள்.

"அக்கா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"எங்க? டிபன் பாக்ஸு அப்புடியே கெடக்குது."

"மணி என்னாவுது, இன்னமா திங்கல? ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?"

என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சுகமான அலட்சியத்தை நான் அனுபவித்ததில்லை. வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் மூச்சு விட்டேன். இவள்தான். இவள்தான், இவள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் பார்க்கப் போனால் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பித் தண்ணியோடு சரி. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம், அப்புறம் பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். என் கலங்கிய மூளையில் இந்த வழக்கம் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை. அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டால் போதும், அவள் கட்டுப்பட்டவள், என் மனைவியைக் கைவிட மாட்டாள் என்று தோன்றியது. வங்கியோடு எழுதிக்கொள்கிற ஒப்பந்தத்தைவிட எனக்குக் களி பெரிதாகத் தெரிந்தது. "கணக்கு தொறக்கற பாரத்த வூட்டுக்கே கொண்டாந்துடறங்க அண்ணா, ஞாயித்துக்கெழம வர்றன்" என்று அவள் சொன்னதும் கோழி சொல்லி வைத்தேன்.

வந்தாள். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, முகம் சிவந்து. இலை போட்டோம். ராகிக் களி உருண்டை, பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு. அவள் இலையைப் பார்த்தாள். கை கழுவினாள். உட்கார்ந்தாள். ஆனால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். இலையில் ஆவி போய்க்கொண்டிருந்தது. கை நகரவில்லை.

"சாப்புடும்மா."

"இல்லீங்கண்ணா... பரவால்லீங்க..."

எனக்குக் கண் இருட்டியது. கை நனைக்க மாட்டேன் என்கிறாளே. பெண் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் சொல்கிறாளே. "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று நான் கெஞ்சினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. என் மனைவி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா மாமா, அந்தப் பொண்ணு கையவே பாத்துக்கிட்டு இருக்கற?"

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டு சொன்னாள். "தவக்காலங்கண்ணா. ஈஸ்டர் வரைக்கும் கறி திங்க மாட்டன். நீங்க இவ்ளோ பண்ணியிருக்கீங்க, எப்புடிச் சொல்றதுன்னு... காலைல வெச்ச கீரை கீது ஏதாச்சும் இருந்தா குடுங்க. களி எனக்கு உசுரு."

காலையில் எங்களுக்கென்று கடைந்த கீரை இருந்தது. என் மனைவி ஓடிப்போய்ச் சட்டியோடு கொண்டுவந்தாள். அந்தப் பெண் உருண்டையைப் பிய்த்து, கீரையில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினாள், களி சாப்பிடத் தெரிந்தவள்தான். இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கை நனைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, எழுந்து போய் மாட்டைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க கையெழுத்த இப்பவே வாங்கிட்டுப் போயிடறன். இந்த மாசக் கடைசில எனக்கு ஓசூருக்கு மாத்தல் வந்துருக்குது. அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டா எனக்கும் நிம்மதிங்க."

நான் கத்திவிட்டேன். "அப்பறம் ஏம்மா கை நனைச்ச?"

அவள் மிரண்டுபோனாள். துண்டு கையிலேயே நின்றது.

"பசிச்சுதுங்கண்ணா" என்றாள்.

பிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன், வெட்கமில்லாமல். ஓசூர் போகாதே என்றேன். போனாலும் வாரம் ஒரு நாள் வர முடியுமா என்றேன். உன் மேலதிகாரி யார், நான் போய்க் கேட்கிறேன் என்றேன். அவள் ஈரக்கண்ணோடு தலையசைத்தாள், இல்லையென்று.

"எந்த பேங்க்லயும் ஒருத்தர ஒரே எடத்துல வெக்க மாட்டாங்கண்ணா. 'உங்களுக்குன்னே ஒருத்தர்'னு போடுவாங்க. அந்த ஒருத்தர் யாரு, எத்தன நாளைக்குன்னு போட மாட்டாங்க. நான் பொய் சொல்லிட்டுப் போவலாம். எனக்கு வாய் வரல. அடுத்து வர்றவங்ககிட்ட அக்காவப் பத்திச் சொல்லிட்டுப் போறன். அவ்ளோதான் என்னால முடியும்."

என் மனைவி இத்தனை நேரமும் எங்கள் இரண்டு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமான பேச்சு, பாதிதான் பிடித்திருப்பாள். பாதி போதுமாக இருந்தது. இலையைப் பார்த்தாள், பாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்ததை நான் கண்டேன். எனக்கு ஓடிவிடத் தோன்றியது.

"ஓ. கோழி அடிச்சது இதுக்குத்தானா?" என்றாள். "என்னை யாரு கையில மாமா புடிச்சுக் குடுக்கற?"

நான் பாரத்தின் மடிப்பை விரலால் நீவினேன்.

"டாக்டரு வேற என்னாவோ சொல்லியிருக்கறான். நீ எங்கிட்ட சொல்லல."

நான் அப்போதும் அந்த 'ஆனா'வைச் சொல்லவில்லை. அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி அவள் தாடையைத் தொட்டாள். "நீ ஓசூரு போ கண்ணு. நல்லாருப்ப. அந்த சீட்ல எவன் வந்தாலும் 'என் மூஞ்சியப் பாத்து மெதுவாப் பேசுடா'ன்னு நானே சொல்லிக்கறன். காதுதான் இல்ல, வாயி இருக்குதில்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கடத்தூரிலிருந்து திரும்பி வந்து, கூட்டின வாசலை மறுபடி கூட்டியவளும் இவள்தான். அந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஆறுதல் வரவில்லை.

நான் பாரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வேறு வழி எதுவும் தோன்றவில்லை. ஓசூர் போகிறவளோ, அடுத்து வருகிறவளோ, அந்த வங்கியில் குறைந்தது ஒருத்தியாவது மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாளே. கூட்டுக் கணக்கு, ஆகவே என் பெயருக்குக் கீழே அவளும் போட வேண்டும். பேனாவை நீட்டினேன். அவள் இலையை எடுத்துக்கொண்டு போனாள். "எச்சக்கை" என்றாள். மறுநாள் கேட்டேன், "மாடு கத்துது" என்றாள். அதற்கடுத்த நாள், "இன்னிக்கி நாள் நல்லால்ல." அந்தப் பெண் ஓசூர் போகிற நாள் வந்தது, போனாள். பாரம் கீழ்க்கட்டம் காலியாகவே அலமாரியில் கிடந்தது. சேலத்துக்குக் கிளம்பும்போது நான்தான் அதை எடுத்துத் துணிப்பையில் வைத்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் அவள். எதிரே நான், அவளுக்குப் பேச வசதியாக. பேச எதுவும் இல்லை. ஒரு சுரங்கம்போல் மார்பு, அதற்குள் அந்த ஓட்டைக் கதவு, வெளியே ஓடுகிற மாந்தோப்பு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் வாயைத் திறப்பேன், அவள் வெளியே பார்ப்பாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். பச்சைத் துணி, தலையில் குல்லா. சுற்றிலும் எல்லோருக்கும் முகக்கவசம், யார் என்ன சொன்னாலும் அவளுக்கு வெறும் கண்கள்தான் தெரிந்தன. அவள் அந்தக் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திறந்திருந்த ஒரே வாயைத் தேடி என்னிடம் வந்தாள். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை. ஆபரேஷன் அறையின் கதவு திறந்துவிட்டது. ஒருவர் வண்டியின் தலைமாட்டைப் பிடித்துவிட்டார். நான் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டேன். நிதானமாக, உதட்டை நன்றாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"பையில பாரம் இருக்குது, புள்ள. கையெழுத்துப் போட்டுடு. தர்மபுரிக்குத்தான் போவணும், கடத்தூருக்கு வேண்டாம். உள்ள போனதும் எடது பக்கம் மூணாவது..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இறுக்கி மூடினாள், இமை சுருங்க. அவளுக்குக் கண்ணை மூடுவதுதான் காதை மூடுவது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். இடது பக்கம், மூன்றாவது மேசை, பெயரைச் சொல்லு, முகத்தைப் பார்க்கச் சொல்லு. மூடிய இமைகளிடம் சொன்னேன். வண்டி நகர ஆரம்பித்தது. அவள் மணிக்கட்டு என் கையிலிருந்து நழுவியது. கண்ணைத் திறக்காமலே, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா. வெளிய வந்து சொல்லு."